குடியை விட முயல்பவருக்கு வீட்டார் கைகொடுப்பது எப்படி?

"இனிக் குடிக்கமாட்டேன்" என்று ஒருவர் வாய்திறந்து சொல்லும் நாள் ஒரு வீட்டில் எளிதாக வருவதில்லை. பெரும்பாலும் அது ஒரு காலை நேரமாக இருக்கும். முதல்நாள் வெறியில் ஏதாவது நடந்திருக்கும். பானை உடைந்திருக்கும், பிள்ளை பயந்து அயல்வீட்டுக்கு ஓடியிருக்கும், விதைநெல்லுக்கென்று முடிந்து வைத்த காசு போயிருக்கும். வீட்டிலுள்ளவர்களோ இதே வார்த்தையை முன்பும் பல தடவை கேட்டவர்கள். மனைவி பேசாமல் அடுப்பை ஊதுவாள். தாய், "கண்டனாங்கள், கண்டனாங்கள்" என்று முணுமுணுப்பாள். அந்த வார்த்தை அடுத்த வாரம்வரை நிற்குமா என்பது அவருடைய மனவுறுதியில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வீட்டாரும் அயலாரும் என்ன செய்கிறார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது. அதைப் பற்றியே இங்கு சிறிது விளக்கமாகப் பார்ப்போம்.

எமது கமக்காரர் மத்தியில் குடி புதிதாக வந்ததொன்றல்ல. கள்ளும் தவறணையும் எமது ஊர்களில் நெடுங்காலமாக உள்ளவை. ஆனால் இடப்பெயர்வு அதற்கு வேறொரு முகத்தைக் கொடுத்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழும்பி மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் மாறிய மனிதன், 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு நடந்த பின்னர், யாரோ ஒருவருடைய வளவில் ஓலைக் கொட்டிலின் முன்னால் நாள் முழுவதும் குந்தியிருந்தான். 2009இல் செட்டிகுளத்து முகாம்களில் கூடாரத்துக்கும் தண்ணீர் வரிசைக்கும் இடையில் இன்னும் எத்தனையோ பேர் அப்படி இருந்தார்கள். உழைத்த உடம்புக்கு வேலையில்லை. இழந்தவர்களை நினைத்தால் நித்திரையில்லை. ஒரு கிளாஸ் உள்ளே போனால் இரண்டு மணித்தியாலம் கண் மூடலாம் என்பதைப் பலர் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். மீளக்குடியேறிய பின்னும் அந்தக் கிளாஸ் கூடவே வந்தது. காணி காடாகிக் கிடந்தது, கிணறு தூர்ந்திருந்தது, நுண்கடன்காரர் வாராவாரம் படலையில் நின்றார். சிலருக்கு இன்றுவரை சொந்தக் காணி கைக்கு வரவில்லை.

இதைச் சொல்வது குடியை நியாயப்படுத்துவதற்காக அல்ல. "ஏன் குடிக்கிறான்?" என்ற கேள்விக்குக் "கொழுப்பு" என்ற ஒரே பதிலை வைத்திருக்கும் வீட்டிலிருந்து உதவி பிறக்காது என்பதற்காகவே சொல்கிறேன். குடியை விடுபவர் அந்த இரண்டு மணித்தியால நித்திரையையும் சேர்த்து விடுகிறார். அதற்குப் பதிலாக வீடு எதைக் கொடுக்கப் போகிறது?

முதல் நான்கு நாட்கள்

குடியை விட்டவருக்கு முதலில் வரும் துன்பம் உடம்பில்தான் வருகிறது. நீண்டகாலம் நாள்தோறும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால், கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுங்கத் தொடங்கும். வியர்க்கும், ஓங்காளம் வரும், நெஞ்சு படபடக்கும், நித்திரை வராது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவார்.

ஏன் இப்படி? லான்ட்மாஸ்டர் பெட்டியில் நெல்மூடை நிறைய ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். பாரம் பின்னால் இழுக்கிறபடியால் எஞ்சினை முழு வேகத்தில் வைத்திருப்போம். அந்த நேரத்தில் பெட்டி கழன்றுவிட்டால் எஞ்சின் என்ன கத்துக் கத்தும்! மதுசாரம் மூளையை மந்தப்படுத்தும் பொருள். வருடக்கணக்காக அந்தப் பாரத்தை இழுத்த மூளை, தன்னை முறுக்கி வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழகிவிடுகிறது. பாரத்தைத் திடீரென்று எடுத்தாலும் முறுக்கிய வேகம் உடனே இறங்காது. நடுக்கமும் படபடப்பும் அதனால் வருபவை. அவர் நடிக்கிறார் என்று எண்ணவேண்டாம்.

பெரும்பாலானோருக்கு இது சில நாட்களில் தணிந்துவிடும். ஆனால் சிலருக்கு முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இன்னும் சிலருக்கு 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதாகக் காண்பார், இல்லாதவர்களோடு கதைப்பார், இரவு பகல் தெரியாமல் எழுந்து ஓடப் பார்ப்பார். எமது ஊர்களில் இதைப் பேய் பிடித்ததென்றும் செய்வினை என்றும் சொல்லி, நூல் கட்டி, மரத்தோடு கட்டி வைத்து நேரத்தைக் கழிப்பவர்கள் உண்டு. இது உயிரைக் கொண்டுபோகக்கூடிய நோய். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடிந்ததும் நடுக்கம் தீர ஒரு வாய் குடித்தால்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நிலையில் உள்ளவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், சாப்பாடு இல்லாமல் மெலிந்து போனவர் ஆகியோர் வீட்டில் இருந்தபடி ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. முதலில் வைத்தியரைக் காண வேண்டும். காணும்வரை அளவைக் குறைத்துக்கொண்டு போகலாமே தவிர, அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்துவது ஆபத்து. ஒரு குருவானவர் இப்படி எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பூட்டிய அறைக்குள் வலிப்பில் ஒருவர் இறந்தால் அந்தக் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள்? முறுக்கிய மூளையை மெல்ல மெல்ல இறக்குவதற்கு அமைதிப்படுத்தும் மாத்திரைகளை முதல்நாள் கூடுதலாகவும், பின்னர் நாளுக்கு நாள் குறைத்தும் ஒரு வாரமளவில் கொடுத்து நிறுத்துவார்கள். உயிர்ச்சத்து பி1 ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். குடிப்பவரின் உடம்பில் இந்தச் சத்து வற்றிப் போயிருக்கும். அது மிகவும் குறைந்தால், குடிக்காத வேளையிலும் நடை தள்ளாடும், கண் ஒழுங்காக அசையாது, ஆள் குழம்பிப் போவார். பிந்தினால் ஞாபகசக்தி திரும்ப வராமலே போகலாம். தவிடு முற்றாகப் போகாத புழுங்கல் அரிசி, பயறு, உழுந்து, கச்சான் ஆகியவற்றில் இந்தச் சத்து உண்டு. அவை உடம்பைத் தேற்ற நல்லவை. ஊசிக்குப் பதிலாக மாட்டா.

மாத்திரைகளை வீட்டுக்குத் தந்துவிட்டால், எண்ணிக்கொடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் எடுக்கட்டும். அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு மேலே குடிப்பதும் மூச்சை நிறுத்திவிடக்கூடும்.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குக் காசில்லை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழையிலும் மனநலப் பிரிவுகள் உள்ளன. மற்ற மாவட்டங்களில் மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநல கிளினிக் எந்த நாள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். "விசர் ஆஸ்பத்திரிக்கே போறாய்?" என்று ஊரில் யாராவது கேட்பார்கள். நெஞ்சு நோவென்றால் நெஞ்சு டொக்டரிடம் போவதுபோலத்தான் இதுவும். வலிப்பு வந்தாலோ புத்தி தடுமாறினாலோ 1990 இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம்.

கசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் என்ன கலந்திருக்கிறதென்பது காய்ச்சியவருக்கே தெரியாத பொருள் அது. குடித்து அரைநாள் ஒருநாள் கழித்துக் கண் மங்கினால், பனிப்புகார் மூடியதுபோலத் தெரிந்தால், வெறி முறியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அது மெதனோல் என்ற நஞ்சாக இருக்கலாம். பார்வையும் உயிரும் சில மணித்தியாலங்களில் தீர்மானிக்கப்படும்.

"சாராயத்தை விட்டிட்டன், கள்ளு மட்டும்தான்" என்பவர்களும் உண்டு. கணக்கைப் பாருங்கள். 180 மில்லிலீற்றர் கால் போத்தல் சாராயத்தில் ஏறக்குறைய 60 மில்லிலீற்றர் மதுசாரம் இருக்கிறது. நூற்றுக்கு 5 வீதமுள்ள கள்ளில் 750 மில்லிலீற்றர் போத்தல் இரண்டு குடித்தால் 75 மில்லிலீற்றர். கள்ளுக்கு மாறியவர் குடியை விட்டவரல்லர்.

சொல்லும், சொல்லாததும்

விட்டவரை மீண்டும் குடிக்க வைப்பதில் நாக்குக்குப் பெரிய பங்குண்டு. மூன்றாம் நாள் இரவு நித்திரையில்லாமல் திண்ணையில் இருப்பவரிடம், "எத்தனை நாளைக்கெண்டு பாப்பம்" என்று ஒருவர் சொன்னால் போதும். அந்தச் சொல்லோடு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். போனதும், "நான் சொன்னனான்தானே" என்று வீடு தன் தீர்க்கதரிசனத்தை மெச்சிக்கொள்ளும்.

வெறியில் இருப்பவரோடு நியாயம் கதைப்பதில் பயனில்லை. அந்த வேளையில் சண்டைக்கு இழுத்தால் ஆபத்தும் கூட. கதைக்க வேண்டியதைக் காலையில் கதைக்க வேண்டும். நடந்ததை நடந்தபடி, கூட்டாமல் குறைக்காமல். "நீங்கள் ஒரு மனிசரே?" என்பது திட்டு. "இஞ்சாருங்கோ, நேற்று இரவு நீங்கள் கத்தினதிலை சின்னவள் படுக்கையோடை மூத்திரம் போட்டிட்டாள்" என்பது செய்தி. திட்டுக்கு மறுதிட்டு உண்டு. செய்திக்கு மறுமொழி சொல்ல அவர் தன்னைத்தான் பார்க்க வேண்டும்.

விட்டபின் வேண்டியது நாளை எண்ணிக் கொடுப்பதுதான். "இண்டைக்கு அஞ்சாம் நாள். ராத்திரி கொஞ்சமெண்டாலும் நித்திரை கொண்டனீங்களே?" என்று கேளுங்கள். பெரிய புகழ்ச்சி வேண்டாம். ஐந்து நாளில் மாலை போட்டு மேடை ஏற்றினால், இறங்கும்போது வெட்கம் இரட்டிப்பாகும்.

எமது மக்களிடம் பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தகப்பன் தவறி ஒருநாள் குடித்து, அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், அந்தக் காய்ச்சலுக்கு அவர் காரணம் என்று வீடு முழுவதும் நம்பும், பிள்ளையும் நம்பும். தகப்பனின் குடிக்குத் தன் உயிர் பிணை வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிந்த பிள்ளை எப்படி நித்திரை கொள்ளும்? அந்தக் குற்றவுணர்வை மறக்க அவருக்கும் ஒரே வழிதான் தெரியும்.

நோன்பு, நேர்த்தி வேறு. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும், ஐயப்பனுக்கு மாலை போட்டு 41 நாளும், தவக்காலத்தின் 40 நாளும் ஒரு துளியும் தொடாதவர்கள் எமது ஊர்களில் பலர். திருவிழா முடிந்த மறுநாள் அல்லது உயிர்த்த ஞாயிறு மத்தியானமே போத்தல் திறக்கப்படும் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. இதைக் கேலி செய்வதை விட்டு, அதன் உள்ளே இருக்கும் உண்மையை எடுத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் அவர் ஏன் குடிக்கவில்லை? கூட்டாளிகள் வற்புறுத்தவில்லை, "விரதம்" என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. மாலையில் போவதற்கு ஓர் இடம் இருந்தது. கூட நின்றவர்களும் குடிக்கவில்லை. வீட்டார் மரியாதையாக நடத்தினார்கள். இந்த நான்கும் விரதம் முடிந்த மறுநாளும் கிடைத்தால்? 40ஆம் நாளில் அவரோடு இருந்து, "உடம்பு தாங்கிறதைக் கண்டிட்டீங்கள். நாளைக்கும் ஒருநாள் பாப்பமே?" என்று கேட்டுப் பாருங்கள்.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் மருந்து என்று விற்பவர்களை நம்ப வேண்டாம். குடித்தால் முகம் சிவந்து வாந்தியெடுத்து நெஞ்சடைக்க வைக்கும் மாத்திரை ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. டைசல்பிராம் என்பது அதன் பெயர். அது வைத்தியர் பரிசோதித்து, நோயாளி சம்மதித்து, தெரிந்து எடுக்க வேண்டிய மருந்து. தெரியாமல் கொடுத்து, அவர் வழமைபோலக் குடித்தால் உயிருக்கே மோசம் வரலாம். குடிக்கும் ஆசையைக் குறைக்கும் வேறு மருந்துகளும் உண்டு, கிளினிக்கில் கேளுங்கள்.

மாலை ஐந்து மணி

நாளில் கடினமான நேரம் எதுவென்று விட்டவர்களைக் கேட்டால், பலர் பொழுதுபடும் நேரத்தைத்தான் சொல்வார்கள். கமத்தால் வந்து கைகால் கழுவியதும் கால் தானாகத் தவறணைப் பக்கம் திரும்பும். ஆசை ஓர் அலை. பெரும்பாலும் அரைமணித்தியாலத்துக்குள் எழுந்து தணிந்துவிடும். அந்த அரைமணித்தியாலத்துக்குத்தான் வேலை கொடுக்க வேண்டும். வயிற்றுப் பசியும் குடியாசையும் ஒன்றாய் வருமாதலால், இருட்டுமுன் சாப்பாட்டை முடித்துவிடுவது நல்லது. இனிப்பாக ஒரு பிளேன்ரீ, பனங்கட்டித் துண்டு, அவித்த கடலை, எதுவானாலும் ஆகட்டும். பிறகு கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றலாம், மாட்டைக் கட்டலாம், பிள்ளையை ரியூசனால் கூட்டிவரலாம். தவறணை வாசலால் போகாத வேறு பாதையால் வீடு வருவது சிறிய காரியமாகத் தோன்றும்; சிலருக்கு அது பாதிப் போராட்டம்.

காசு கையில் வரும் நாள் இன்னொரு கண்டம். நெல் விற்ற நாள், கூலி கிடைக்கும் சனிக்கிழமை, வெங்காயம் சந்தைக்குப் போன நாள் ஆகியவற்றை வீடு முன்கூட்டியே எண்ணி வைத்திருக்க வேண்டும். "காசை எடு" என்று பறிப்பதல்ல வழி. முன்னைய நாளே இருவரும் இருந்து கதைத்து, சந்தைக்குக் கூடவே போவதா, காசை நேரே வங்கிப் புத்தகத்தில் போடுவதா என்று முடிவெடுங்கள். குடித்த காலத்தில் நாளொன்றுக்குப் போன காசை அவரே ஒரு கொப்பியில் எழுதி 30ஆல் பெருக்கட்டும். எத்தனை பை பசளை, எத்தனை மாதச் சீட்டு என்று அவரே கணக்குப் பார்க்கட்டும். பிறர் பார்த்துச் சொன்னால் அது குத்தலாகிவிடும்.

அருவி வெட்டுக்கும் சூடு அடிப்புக்கும் வந்தவர்களுக்குப் பின்னேரம் போத்தல் வாங்கிக் கொடுப்பதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறோம். கலியாண வீட்டில் பின்வளவில் ஒரு மேசை. செத்த வீட்டில் இரவு விழிப்புக்கு ஒரு போத்தல். விட்டவரைக் கண்டால், "ஒண்டு எடு மச்சான், ஒண்டாலை என்ன?" என்று நீட்டுபவர் கெட்ட எண்ணத்தில் நீட்டுவதில்லை. இவர் குடிக்காமல் நிற்பது அவருக்குத் தன் குடியை நினைவூட்டுகிறது, அவ்வளவுதான். அயலார் செய்யக்கூடிய உதவி பெரிதல்ல: கூலியைக் காசாகவே கொடுங்கள், மறுத்தவரை இரண்டாம் தடவை கேட்காதீர்கள்.

விட்டவருக்கு விட்டவரே நல்ல துணை. 1935இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குத் தரகர், வந்த வியாபாரம் கைகூடாமல் விடுதியில் தனித்து நின்றார். மாதக்கணக்காகக் குடிக்காதிருந்தவர், மீண்டும் குடித்துவிடுவேனோ என்று பயம். குடிகாரன் ஒருவனோடு கதைத்தால் தப்பலாம் என்று எண்ணி ஒரு போதகருக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தத் தொடர்பினால் பொப் சிமித் என்ற, குடியில் மூழ்கிய சத்திரசிகிச்சை வைத்தியரைச் சந்தித்தார். அந்த இருவருடைய கதையிலிருந்துதான் இன்று பல நாடுகளில் இருக்கும் 'பெயர் குறிப்பிடாத குடிநோயாளர்' குழுக்கள் தோன்றின. உங்கள் கிராமத்தில் குழு இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஐந்து வருடம், பத்து வருடம் குடிக்காத ஒருவராவது இல்லாத கிராமம் குறைவு. அவரிடம் போய், "அண்ணை, வாரத்திலை ஒருக்கால் இவரோடை வந்து கதையுங்கோ" என்று கேளுங்கள்.

மனைவியருக்கு

"நீ ஒழுங்காய் இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்?" என்று மாமியாரோ ஊரோ சொல்வதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அவருடைய குடிக்கு நீங்கள் காரணமல்ல. அவருக்காக நீங்கள் அதை விடவும் முடியாது. அவர் வாங்கிய கடனை மறைத்து அடைப்பதும், வேலைக்குப் போகாத நாளில் "காய்ச்சல்" என்று பொய் சொல்லி அனுப்புவதும் அன்பினால் செய்பவைதான். ஆனால் அவை குடியின் செலவை அவர் கண்ணிலிருந்து மறைத்துவிடுகின்றன. அடி விழும் வீட்டில் முதல் கடமை உங்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றுவது. போகக்கூடிய ஒரு வீட்டை முன்பே பேசி வையுங்கள். அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமும் ஒரு பையில் இருக்கட்டும். பொலிஸ் நிலையத்தின் பெண்கள், சிறுவர் பிரிவிலும், பிரதேச செயலகத்திலும் முறையிடலாம். பொறுமை என்ற பெயரில் அடி வாங்கச் சொல்லும் ஆலோசனை எந்தச் சமயத்தின் பெயரால் வந்தாலும் கேட்க வேண்டியதில்லை. பெண்களிலும் குடிப்பவர் உண்டு. அவர்கள் ஒளித்துக் குடிப்பதால் உதவி இன்னும் பிந்தி வருகிறது.

இன்னொன்று. பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். வெறியிலும், விட்ட முதல் வாரங்களின் மனச்சோர்விலும், ஒரு கண நேர ஆத்திரத்தில் போத்தலை எடுத்தவர்கள் எமது ஊர்களில் அதிகம். மிகக் கொடிய நஞ்சுள்ள மருந்துகளை இலங்கை 1995இலும், பரகுவாட்டை 2008 முதல் 2011 வரையான காலத்தில் படிப்படியாகவும் தடைசெய்த பின்னர் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாமல் இருப்பதே உயிரைக் காத்தது. தேவையான அளவை மட்டும் வாங்குங்கள்; மிஞ்சியதைப் பூட்டித் திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். "இருந்தென்ன பயன்" என்று அவர் சொன்னால் அதை வெறிப்பேச்சென்று தள்ளாமல், தனியே விடாமல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.

மீண்டும் குடித்துவிட்டால்

பலர் ஒரே முயற்சியில் விட்டுவிடுவதில்லை. இரண்டு மாதம் நின்றவர் ஒரு செத்த வீட்டில் குடித்துவிட்டு வரலாம். அன்றிரவு ஒன்றும் கேட்க வேண்டாம். சரித்துப் படுக்கவைத்து, வாந்தி மூச்சுக்குழாயில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முகம் கழுவித் தேநீர் குடித்தபின் மூன்றே கேள்விகள்: எத்தனை மணிக்கு, எங்கே, யாரோடு? அந்த மூன்றையும் கொப்பியில் எழுதிவிடுங்கள். அடுத்த செத்த வீட்டுக்குப் பகலில் போய்த் தலைகாட்டிவிட்டு இருட்டுமுன் திரும்பலாம். அல்லது மகன் கூடப் போகலாம். நின்ற 60 நாளும் நின்றவைதான். ஈரலும் வயிறும் அந்த நாட்களில் ஆறியவைதான். அதையும் அவருக்குச் சொல்லுங்கள்.

ஒருநாளோடு நின்றுவிட்டால் அன்றைக்கே மறுபடி எண்ணத் தொடங்கலாம். நாள்தோறும் குடிக்கத் தொடங்கி வாரங்கள் போய்விட்டதென்றால், முதல் நான்கு நாள் ஆபத்து மறுபடியும் உண்டு. அடுத்த கிளினிக் நாளில் அவரோடு நீங்களும் போங்கள். பழைய கிளினிக் கொப்பி தொலைந்து போயிருந்தாலும் பரவாயில்லை. புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம்.